தாண்டிக்குடித் தோட்டத்துக்கு ஃபோர் வீல் வண்டி வாங்கலாமா, வாடகை ஜீப்பே போதுமா?

மதுரை_மிளகு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடிக்கு மேலே இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் வாங்கியிருக்கிறேன். காபிக்கு நடுவே சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலைவாழை. மதுரையிலிருந்து வத்தலகுண்டு வழியாக ஊர் வரைக்கும் நல்ல சாலை. அதற்குப் பிறகு மூன்று கிலோமீட்டர் பஞ்சாயத்துப் பாதை: செம்மண், உருண்டைக்கல், இரண்டு இடத்தில் ஊற்றுத்தண்ணீர் குறுக்கே ஓடும். மழை பெய்த மறுநாள் பைக்கில்கூடப் போக முடியாது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், என் சின்ன காரைக் கோயில் திடலில் விட்டுவிட்டு உள்ளூர் ஜீப் பிடித்துப் போகிறேன். ஏறி இறங்க 1,500 ரூபாய் கேட்கிறார்கள். உர மூட்டை ஏற்றினால் கொஞ்சம் கூட. மாதம் இரண்டு முறை போகிற கணக்கு.

கையில் 13 லட்சம் வரை இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற (ஃபோர் வீல்) வண்டிதான் வேண்டும்: மகிந்திராவின் பழைய தார் டீசல், மாருதியின் ஜிம்னி, இல்லை தேனிப் பக்கம் கிடைக்கிற பழைய மகிந்திரா ஜீப், மூன்றில் எதை எடுக்கலாம்? "வாடகை ஜீப்புக்கு ஒரு ஆயுசுக்கும் 13 லட்சம் ஆகாது" என்கிறார் வீட்டம்மா. கணக்கில் அவர் சொல்வதுதான் சரி, தெரிகிறது. ஆனாலும் ஆசை விடவில்லை. வைத்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

ஆஃப்ரோடு_ராஜபாட்டை எழுதியது:

தார் எடுங்க சகோ, யோசிக்கவே வேண்டாம். வாழ்க்கை ஒரு தடவைதான். எடுத்ததும் முதல் வேலையாக 33 இஞ்ச் டயர், முன்னால் ஸ்டீல் பம்பர், மேலே நாலு லைட். அப்புறம் பாருங்கள், ஊரே திரும்பிப் பார்க்கும்.

ஏலத்தோட்டம்_போடி எழுதியது:

தம்பி, போடியிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம். அப்பா வாங்கிய மகிந்திரா எம்எம் 540 ஜீப் இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஏசி வேண்டுமென்றால் படுதாவைச் சுருட்டிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் நான் சொல்வதெல்லாம் அந்த இடத்திலிருந்து சொல்வது, புது வண்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். செலவுக் கணக்கை இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

ஜூன் மாத மழையில் எங்கள் தோட்டத்துப் பாதை இறக்கத்தில் சேறு கணுக்கால் அளவு நிற்கும். அங்கே வண்டியை நிறுத்தி, ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, கூடுதல் இழுப்போடு சுற்றுகிற நிலை) போட்டு, முதல் கியரில் விட்டு, இரண்டு காலையும் எடுத்துவிட வேண்டும். பிரேக்கும் வேண்டாம், கிளட்சும் வேண்டாம். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடை வேகத்தில் இறக்கும். பிரேக்கை மிதித்தால்தான் ஆபத்து. சக்கரம் உருளாமல் நின்றுவிட்டால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் போக்கில் சறுக்கும். பழகாதவர்களுக்குக் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அந்தக் காலை அடக்கி உட்காரப் பழகிவிட்டால் கிடைக்கிற நிதானம் இருக்கிறதே, அதற்காகவே நான் அந்த ஜீப்பை விற்காமல் வைத்திருக்கிறேன். வேகத்தில் கிடைக்கிற சந்தோஷம் இல்லை இது.

இன்னொன்று, மலையில் ஜீப் வைத்திருப்பவன் வீட்டுக் கதவை ராத்திரியில் தட்டுவார்கள். பிரசவ வலி, பாம்புக்கடி, பால் வண்டி ஓடையில் இறங்கிவிட்டது, எல்லாவற்றுக்கும் நம்மிடம்தான் வருவார்கள். டீசல் காசு கேட்கவும் முடியாது. மறுவாரம் வாசலில் ஒரு பலாப்பழம் கிடக்கும், யார் வைத்தார் என்றுகூடத் தெரியாது. இதை நான் செலவிலும் எழுதலாம், வரவிலும் எழுதலாம். வாங்குவதற்கு முன்னால் இதற்கும் சம்மதமா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் விஷயம். எங்களுக்கு வண்டி ஏன் தேவை என்றால், பறித்த பச்சை ஏலக்காய் சாக்கில் ராத்தங்கக் கூடாது. மூட்டைக்குள் சூடேறி நிறம் போய்விடும். அன்று சாயங்காலமே ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்தியாக வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகும். அந்த ஒரு கிலோவில் பச்சை நிறம் குறைந்தால் போடி ஏலத்தில் விலையும் குறையும். மழையோ இருட்டோ, வண்டி இறங்கியே ஆக வேண்டும். உங்களுக்கு அப்படி அவசரம் இருக்கிறதா? காபியைப் பழமாகப் பறித்து அன்றைக்கே தோல் எடுத்துப் பார்ச்மென்ட் (உள்ஓட்டோடு உலர்த்திய கொட்டை) போடுவதாக இருந்தால் இருக்கிறது. சின்னத் தோட்டக்காரர்கள் போல களத்தில் செர்ரியாகவே (தோலோடு முழுப் பழமாக) உலர்த்துவதாக இருந்தால் மூட்டை ஒரு வாரம் காத்திருக்கும். மிளகும் அப்படியே. இரண்டு ஏக்கருக்கு வருஷத்தில் எத்தனை நாள் "இன்றைக்கே இறங்க வேண்டும்" என்று வரும் என்பதை எண்ணிப் பாருங்கள். வண்டி தேவையா என்பதை அதுதான் சொல்லும்.

செலவு என்றதும் எல்லோரும் டீசலைச் சொல்கிறார்கள். டீசல் பெரிய விஷயமே இல்லை. பாதைக்குப் போய்விட்டு வந்த பிறகு செய்ய வேண்டிய வேலைதான் பெரிது. சேறு காய்வதற்குள் அடியில் தண்ணீர் அடிக்க வேண்டும். பிரேக் டிரம்முக்குள் மண் போயிருந்தால் கழற்றித் துடைக்க வேண்டும், விட்டால் லைனிங்கோடு டிரம்மையும் சேர்த்து அரைத்துவிடும். கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு), ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டை மாட்டும் இணைப்பு) எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். பட்டையின் யூ-போல்ட்டை இறுக்கிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் கண்களில் சேறு அடைத்திருந்தால் அடுத்த ஏற்றத்தில் கொதிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஹவுசிங் ஆயில், அதாவது சக்கர அச்சின் கூட்டுக்குள் இருக்கும் ஆயில். மலை ஏறிய சூட்டில் ஆக்ஸில் ஹவுசிங் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அப்படியே ஊற்றுத்தண்ணீரில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் பிரீதர் (காற்றுத் துளை) வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, வண்டி வழக்கம்போல ஓடும். ஒரு வாரம் கழித்து ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மாற்றினால் ஆயில் காசோடு போகும். விட்டுவிட்டால் பேரிங், கிரவுன் பினியன் என்று போய்க்கொண்டே இருக்கும். இதற்கு வழி சுலபம்: பிரீதரில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி அதை எஞ்சின் உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும். தண்ணீருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிப்பதும் நல்ல வழிதான்.

பழைய தார் எடுத்தாலும் ஜீப் எடுத்தாலும் இன்னொன்றை மனதில் வையுங்கள். நல்ல சாலையில் ஃபோர் ஹை (வழக்கமான வேகத்துக்கான நாலு சக்கர இழுப்பு) போட்டு ஓட்டாதீர்கள். இந்த வண்டிகளில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிவிடுகிறார்கள். வளைவில் முன் சக்கரங்கள் போகிற தூரம் கூடுதல், பின் சக்கரங்களுக்குக் குறைவு. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த சாலையில் வழுக்க இடமில்லை, முறுக்கு முழுவதும் கிராஸிலும், இழுப்பை முன்னும் பின்னும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸிலும் போய் உட்காரும். வத்தலகுண்டு மலைப்பாதை முழுக்க ஃபோர் வீலில் ஏறி வந்ததாகப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

மேலே தம்பி சொன்ன 33 இஞ்ச் டயர் பற்றி வேறு யாராவது சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு வருகிறவர்கள் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு மண்ணை வாரி இறைக்கிறார்கள். படம் நன்றாக வரும். சக்கரம் தோண்டிய அந்தத் தடம் அடுத்த மழையில் வாய்க்கால், அதற்கடுத்த மழையில் ஓடை. பிறகு மண்வெட்டி எடுத்து மூடுவது தோட்டத்து ஆட்கள். ஒரே அளவாக, மெதுவாக ஏறுகிற வண்டி தடமே வைக்காது. டயர் காற்றை 20 பிஎஸ்ஐ வாக்கில் இறக்கிவிட்டால் பாதி ஏற்றங்களில் சக்கரம் சுழலவே சுழலாது. சாலைக்கு வந்ததும் திரும்ப நிரப்ப ஒரு சின்ன பம்ப் வண்டியில் இருக்கட்டும்.

என் யோசனை இதுதான். இந்த மழைக்காலம் முழுக்க வாடகை ஜீப்பிலேயே போங்கள். ஆனால் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்க்காமல், முன் சீட்டில் உட்கார்ந்து அந்த டிரைவர் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை ஏற்றுகிறார், எங்கே லோ போடுகிறார், எந்த மழைக்கு "இன்றைக்கு வேண்டாம் சார்" என்கிறார் என்று பாருங்கள். பிறகும் ஆசை அப்படியே இருந்தால் வாங்குங்கள்.

நகரத்து_தார் எழுதியது:

அண்ணன் சொன்னதை வரிக்கு வரி ஒத்துக்கொள்கிறேன். நான் மதுரையிலேயே தார் டீசல் ஃபோர் வீல் வைத்திருப்பவன், அதனால் ஊருக்குள் ஓட்டுகிற பக்கத்தைச் சொல்கிறேன்.

முதல் எச்சரிக்கை, தார் என்று பெயர் இருந்தால் எல்லாம் ஃபோர் வீல் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் ஓடுகிற தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான். அதில் வருகிற 1.5 லிட்டர் டீசல், நீளமும் 4 மீட்டருக்குள் இருப்பதால், 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜிஎஸ்டியில் வந்துவிட்டது. 2.2 லிட்டர் ஃபோர் வீல் டீசல் 40 சதவீதம். விலை வித்தியாசத்தைப் பார்த்து மயங்கி அதை எடுத்தால் உங்கள் செம்மண் ஏற்றத்தில் உள்ளூர் ஜீப்பைக் கூப்பிட்டுத்தான் இழுக்க வேண்டும். உள்ளே கியருக்குப் பக்கத்தில் இன்னொரு லிவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, புதிது எடுத்தால் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். பழையது எடுத்தால், அதுவும் தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால், அந்தத் தலைவலி இல்லை. உங்கள் 13 லட்சத்துக்கு 2021 வாக்கு வண்டி பார்க்கலாம்.

மூன்றாவது டிபிஎஃப். பிஎஸ் 6 டீசல் வண்டியில் புகைக் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர். நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். வீட்டிலிருந்து ஆபீஸ் ஐந்து கிலோமீட்டர், அங்கிருந்து காய்கறிக் கடை என்று ஓட்டினால் மஞ்சள் விளக்கு எரியும். எனக்கு எரியும்போதெல்லாம் நான்கு வழிச்சாலையில் திண்டுக்கல் வரை சும்மா போய்விட்டு வருவேன். டீசல் காசு, டோல் காசு. மனைவியிடம் என்ன காரணம் சொல்வது என்பது தனிச் செலவு. உங்களுக்கு மாதம் இருமுறை வத்தலகுண்டு வரை ஓட்டம் இருப்பதால் பிரச்சினை குறைவு.

மைலேஜ் எனக்கு லிட்டருக்கு 11, 12. மலையில் ஒற்றை இலக்கம். 18 இஞ்ச் ஆல் டெரெய்ன் டயர் நாலும் மாற்றினால் அரை லட்சத்தைத் தொடும். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடித்து ஏற வேண்டும். என் அம்மா ஒரு தடவை ஏறினார், அதற்குப் பிறகு பஸ்ஸே போதும் என்றுவிட்டார்.

ராஜபாட்டை சகோவுக்கு: ஸ்டீல் பம்பர் வைக்கக் கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே சொன்னது. பெரிய டயர் போட்டால் ஸ்பீடாமீட்டரும் குறைத்துக் காட்டும். 80 என்று காட்டும்போது வண்டி அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். விபத்தென்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டு, விற்பீர்களா என்று கேட்டால் மாட்டேன்.

கோத்தகிரி_ஜிம்னி எழுதியது:

ஜிம்னிக்கு யாரும் பேசாததால் நான் வருகிறேன். தாரும் ஜிம்னியும் நீளத்தில் ஒன்று, இரண்டும் 3985 மில்லிமீட்டர். அகலம்தான் வித்தியாசம். தார் 1820, ஜிம்னி 1645. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் எதிரே பிக்கப் வரும்போது அந்த ஒரு சாண் அகலம் என்ன விலை என்று எனக்குத் தெரியும். எடையும் 1,200 கிலோ வாக்கில்தான், தாரைவிட ஏறக்குறைய அரை டன் குறைவு. சேற்றில் கனமான வண்டி புதையும் இடத்தில் இது மேலாக ஓடிவிடும். சிக்கினாலும் நாலு பேர் தள்ளினால் வந்துவிடும்.

ஐந்து கதவு, ஏறி இறங்க வயதானவர்களுக்குச் சிரமமில்லை. பெட்ரோல் என்பதால் டிபிஎஃப் தொல்லை இல்லை. எனக்கு மலையில் லிட்டருக்கு 12, 13 கிடைக்கிறது.

குறை என்றால் நாலு பேருக்குத்தான் சீட்டு. பின் சீட்டை நிமிர்த்தி வைத்தால் பின்னால் ஒரு பெட்டி வைக்கத்தான் இடம். சீட்டை மடித்தால்தான் உர மூட்டை ஏறும், அப்போது ஆட்களைக் கூட்டிப்போக முடியாது. பெரிய உருண்டைக்கல் பாதையில் அடி தட்டாமல் ஓட்டக் கொஞ்சம் கவனம் வேண்டும், தரையிலிருந்து உயரம் 210 மில்லிமீட்டர், தாருக்கு 226. நீங்கள் இருவர் மட்டும் போய்வருவதாக இருந்தால் இது. ஆள், மூட்டை, பம்ப் செட் எல்லாம் ஏற்றுவதாக இருந்தால் போடி அண்ணன் ஜீப்தான்.

ஒன்று கேட்கிறேன், அந்தப் பாதை முழுவதும் பஞ்சாயத்துப் பாதைதானா? நடுவில் காப்புக்காடு வருகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி விட்டால் வனத்துறை வழக்கு. எங்கள் பக்கம் காட்டுமாடு நிற்கிற நேரமும் பார்த்துத்தான் வண்டியை எடுப்போம். ஹாரன் அடித்து விரட்டுகிற வேலை வேண்டாம், எஞ்சினை அணைத்துவிட்டு அது போகும்வரை இருந்தால் போதும்.

மதுரை_மிளகு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காப்புக்காடு இல்லை அக்கா, கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கிப் பார்த்துவிட்டேன். காபி இப்போதைக்குச் செர்ரியாகத்தான் உலர்த்துகிறோம், அதனால் போடி அண்ணன் கேட்ட "அவசர நாள்" வருஷத்தில் விரல் விட்டு எண்ணலாம். இந்தத் திரியை வீட்டம்மாவிடம் காட்டினேன். அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, "இவர் நல்லவர், இவர் பேச்சைக் கேளுங்கள்" என்றார்.

இருந்தாலும் ஒன்று. பெரியகுளத்தில் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் விலைக்கு வந்திருக்கிறது, 1999 வண்டி, இரண்டே கால் லட்சம் சொல்கிறார்கள். சும்மா பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று இருக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் அண்ணே?

ஏலத்தோட்டம்_போடி எழுதியது:

சும்மா பார்க்கப் போகிறவன் இரண்டே கால் லட்சம் என்று விலை சொல்ல மாட்டான். சரி, கேளுங்கள்.

முதலில் ஆர்சி. வண்டியில் உள்ள சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்து, எழுத்துக்கு எழுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எங்கள் பக்கம் டிஸ்போசலில் (அரசு கழித்து ஏலம் விட்டதில்) எடுத்த வண்டி, எஞ்சின் மாற்றி ஆர்சியில் ஏற்றாத வண்டி நிறைய உண்டு. நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள், விலை குறைத்தாலும் வேண்டாம். எஃப்சி எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். 20 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கும் ஜீப்புக்கும் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள்.

முன் ஹவுசிங்கில் சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையாக ஒரு பாகம் இருக்கும். அதில் கிரீஸும் ஆயிலும் வழிந்திருந்தால் சீல் போயிருக்கிறது, அது சரிசெய்யக்கூடியது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கிங் பின் (சக்கரம் திரும்புகிற அச்சு) வேலை இருக்கிறது. சேஸிஸில் வெல்டிங் தழும்பு, முக்கியமாகப் பட்டை மாட்டுகிற இடத்தில், இருந்தால் வேண்டாம். ஃபோர் வீல் வேலை செய்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. மண் தரைக்குக் கொண்டுபோய், முன் சக்கர ஹப்பைப் பூட்டி, லோ போட்டு ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் முன் சக்கரத்துக்கு இழுப்புக் கொடுக்கிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையே கழற்றிப் போட்டிருப்பார்கள்.

வத்தலகுண்டிலோ போடியிலோ முன் ஹவுசிங் வேலை தெரிந்த பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இளவட்ட மெக்கானிக்குகள் ஸ்கேனர் இல்லாமல் தொட மாட்டார்கள், இதில் ஸ்கேனர் மாட்ட இடமே இல்லை.

அப்புறம், வருவதாகச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். சாவி கேட்பதற்கு முன்னால் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறும் வரை உட்கார்ந்திருந்து, ஹீட்டர் (எஞ்சினைச் சூடேற்றும் பிளக்) போட்டு, நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒரு லட்சம் குறைத்துக் கேளுங்கள்.